விரல் நுனி அளவு

கொடைக்கானலில் தேங்காய் எண்ணெய் வருஷத்தில் பாதி நாள் உறைந்துதான் கிடக்கும். வெயிலில் வைத்தால் இளகும், ஆனால் வெயில் வரவேண்டுமே. அதனால் எங்கள் ஊரில் யார் வீட்டு ஜன்னலைப் பார்த்தாலும் விளிம்பில் ஒரு கோல்டு கிரீம் டப்பா இருக்கும். ரெண்டு நாள் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் பிள்ளைகளின் சிவந்த கன்னங்கள் அழகாகத் தெரியும், நிறுத்திவைத்துப் போட்டோ எடுப்பார்கள். அது குளிர்காற்று அறுத்த சிவப்பு. இங்கேயே இருக்கிறவர்களுக்கு அது எரியும்.

என் பெயர் சர்புன்னிசா. எங்கள் அத்தா அப்துல் குத்தூஸ் கொடைக்கானல் பஜாரில் வைத்த மெடிக்கல் ஷாப்பை அவருக்குப் பின் நான்தான் நடத்துகிறேன். நான் படித்து வாங்கிய பார்மசி டிப்ளமா கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. இப்போது மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்டில், ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டிலில் கிடப்பவன் முஆத். என் தம்பி சஜ்ஜாதின் மகன், வயது மூன்றுகூட முடியவில்லை. என்னைக் குப்பி என்று கூப்பிடுவான். தகப்பனின் உடன்பிறந்தவளை எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நேற்றிலிருந்து கூப்பிடவில்லை.

சோலி எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அது ஒரு வசதி.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். பஜாரில் என் கடைக்கு ஒரு பெயர் உண்டு. மருந்தைக் காகிதப்பையில் போட்டு நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. வெள்ளகவியிலிருந்து நல்லுசாமி என்று ஒருவர் வருவார். ரோடு போகாத ஊர், ஒற்றையடிப் பாதையில் ஏறித்தான் வரவேண்டும். கணுக்காலில் கரப்பான் வந்து, சொறிந்து சொறிந்து தோல் தடித்துக் கறுத்துப்போயிருந்தது. டாக்டர் எழுதிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று நின்றார்.

“இது ஸ்டீராய்டாமுல்ல தாயி. போட்டா தோலு வெளுத்து உரிஞ்சுரும்னு சொல்றாகளே.”

“கண்டபடி போட்டா உரியும். முறையா போட்டா இதுதான் உங்க கால காப்பாத்தும். விரல நீட்டுங்க. ஆட்காட்டி விரல் நுனியில இருந்து மொத மடிப்பு வரைக்கும் ஒரு கோடு பிதுக்குங்க. அது உங்க கை ரெண்டையும் விரிச்சு வச்ச அகலத்துக்குக் காணும். மெல்லிசா தடவுங்க, சுவத்துக்குப் பூசுற மாதிரி பூசாதீங்க. தோலு காயாம இருக்க சும்மா கிரீம் தனியா போடுங்க. எழுதியிருக்கிற நாள் முடிஞ்சதும் டாக்டர்ட்ட காட்டுங்க, அவரு சொல்ற மாதிரி கொறைச்சு நிறுத்துங்க. மூஞ்சியில வைக்காதீங்க. நல்லா கேக்குதேன்னு வீட்டுல பிள்ளைகளுக்கு எடுத்துத் தடவிராதீங்க.”

நல்லுசாமி சொன்னபடி செய்தார். அடுத்த மாதம் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டிவிட்டு, ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார். 

முதல்முறை அவர் வந்தபோது என் தம்பி மனைவி அல்மாஸ் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் முஆத். நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் சொன்னாள்: “மதினி, நீங்க சொல்றதக் கேட்டாலே பாதி நோய் போயிரும். நல்லவேளை, நமக்கு இந்த மாதிரி மருந்தெல்லாம் தேவைப்படல.”

அல்மாஸ் ஒட்டன்சத்திரத்துப் பெண். வீட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி. லாரி, வெயில், மூட்டை, சத்தம் என்று வளர்ந்தவள். கட்டிக்கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். வந்த புதிதில் பகலிலேயே மூன்று சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாள், எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நல்ல பெண். அதை எந்த இடத்திலும் நான் மறுக்கவில்லை.

சஜ்ஜாதை வளர்த்தது நான். எங்கள் அம்மா மவுத்தானபோது அவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். என்னையும் பெண் பார்க்க வந்தார்கள். சமோசா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு அத்தா படுத்துவிட்டார், கடை என் கைக்கு வந்தது, பெண் பார்க்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத் தம்பி இருந்தான். அவன் வளர்ந்து, அல்மாஸைக் கட்டி, முஆத் பிறந்த மறு வருஷமே ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். போகும்போது, “அக்கா, ரூம் கிடைச்சதும் இவங்களையும் கூட்டிக்கிறேன்” என்று அல்மாஸிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். முஆத் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். குழந்தை தூங்கும்போது கழுத்தோரம் ஒரு சூடு இருக்கும், தெரியுமா? அந்த வீட்டில் அதற்கு முன் எனக்கென்று சூடாக எதுவும் இருந்ததில்லை.

அவன் போன அந்தக் குளிருக்குத்தான் அல்மாஸுக்கு முகத்தில் வந்தது. கன்னத்திலும் நெற்றியிலும் சிவந்த திட்டுகள், ஓயாத அரிப்பு. சொறிந்து நகக்கீறல் விழுந்தது. டியூப் எதுவும் வேண்டாம் என்றாள். அவளுடைய அம்மா போனில் பயமுறுத்தியிருந்தார். கண்ணேறுதான், ஓதிப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தார். நானும் பார்த்தேன். உண்மையில் அவளுக்குத் தேவைப்பட்டது நல்ல ஈரப்பசைக் கிரீமும், டாக்டர் பார்த்து முகத்துக்கென்று எழுதித் தரும் லேசான மருந்தும்தான். கீழே போய் டாக்டரைப் பார்க்கலாமென்றால் அன்றைக்கு ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. கடையில் கிளோபெட்டசால் இருந்தது. அது ஸ்டீராய்டு கிரீம்களில் உள்ளதிலேயே வீரியமான சாதி. உள்ளங்கைக்கும் முழங்காலுக்கும் போடவேண்டியது, முகத்துக்கு ஆகவே ஆகாது. ரெண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். கோல்டு கிரீம் டப்பாவைத் திறந்து டியூப்பை அதில் பிதுக்கி, ஸ்பூன் காம்பால் கலக்கினேன். அது ஓர் உதவி. நான் அதை உதவியாகத்தான் செய்தேன்.

பிறகு டப்பாவைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போய் ஹஜ்ரத்திடம் கொடுத்தேன். அல்மாஸின் அம்மா மனம் ஆறவேண்டும் இல்லையா? ஹஜ்ரத் நல்ல மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. ஓதி, மூன்று தடவை ஊதி, மூடிக் கொடுத்தார். “ஓதினது, சாக்கடையில போக விடாதீங்க” என்றார். ஓதிய தண்ணீருக்குச் சொல்கிற வழக்கமான வார்த்தைதான். அதையும் அல்மாஸிடம் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் முகம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அல்மாஸ் கண்ணாடி முன் நின்று அழுதுவிட்டாள். அவள் டப்பாவை மருந்தாக நினைக்கவே இல்லை. பிஸ்மி சொல்லித் திறப்பாள், உயரமான தட்டில் வைப்பாள். 

நல்லுசாமி கடைக்கு வந்த அன்று அவளுக்கு அது ஒரு வருஷத்துப் பழக்கம். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது, நல்லுசாமிக்கு நான் அத்தனை எச்சரிக்கை சொல்லிக் கொடுத்ததைவிட வீரியமான மருந்து.

நான் நிறுத்தப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். முதல் டப்பா தீர்ந்ததும் ரெண்டாவது கேட்டாள், கலந்து கொடுத்தேன், மூன்றாவதும் கொடுத்தேன். நான்காவதில் ஒன்றும் கலக்கவில்லை. வெறும் கோல்டு கிரீம். மனச்சாட்சி உள்ளவள் செய்கிற காரியம்தான் அது. ஆனால் மருந்தில் ஊறிய தோலை ஒரே நாளில் பட்டினி போட்டால் அது சும்மா இருக்காது. அந்த வாரமே முகம் முழுக்கச் செக்கச்செவேலென்று வீங்கிவிட்டது. கண் இமை திறக்கவில்லை. காற்றுப் பட்டால் எரிச்சல், அடுப்பு அனல் பட்டால் எரிச்சல். அவளுடைய தங்கை சமீஹாவுக்கு அப்போது ஒட்டன்சத்திரத்தில் நிக்காஹ். அல்மாஸ் போகவில்லை. ஜன்னலுக்குத் திரை போட்டு, கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பிவைத்து, வீட்டுக்குள்ளேயே இருந்தாள். முஆதை என்னிடம் கொடுத்துவிட்டாள். அவன் கை முகத்தில் பட்டால்கூட அவளால் தாங்க முடியவில்லை.

அந்த நாட்கள் எனக்கு எப்படி இருந்தன என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சந்தோஷமாக இருந்தன. முஆதைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், கடைக்குத் தூக்கிப்போனேன். வெள்ளனே எழுந்து என் போர்வைக்குள் வந்து புகுந்துகொள்வான். 

கீழே ஒரு தோல் டாக்டரிடம் நானே அல்மாஸை அழைத்துப்போனேன். என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார். “மருந்து எதுவும் போடலங்க” என்றாள். பொய் சொல்லவில்லை, அவள் கணக்கில் ஓதின கிரீம் மருந்து இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். டாக்டர் என்னைக் கேட்கவில்லை. அவர் கொடுத்ததைப் போட்டு அவள் பொறுத்திருந்தால் சில மாதங்களில் தோல் தானாக மீண்டிருக்கும். எனக்கு அவள் கஷ்டத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மறுபடி கலந்தேன். ரெண்டே நாளில் முகம் அடங்கியது. “ஹஜ்ரத் ஓதினதுதான் மதினி கேக்குது. போன டப்பாவ ஓதாம குடுத்துட்டீங்களோ?” என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

இப்படித்தான் எனக்கு அது தெரியவந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. கலந்து கொடுத்தால் முகம் அடங்கும், கலக்காமல் கொடுத்தால் அவள் எங்கும் போகமாட்டாள். நான் வீட்டுக்குப் பூட்டு எதுவும் போடவில்லை. வாசல் திறந்துதான் கிடந்தது.

சஜ்ஜாதுக்கு ரூம் கிடைத்தது. விசா வந்தது, டிக்கெட் வந்தது. அல்மாஸ் பெட்டி வாங்கினாள், முஆதுக்கு மெல்லிசான பனியன்கள் வாங்கினாள், அங்கே வெயில் அல்லவா. பெட்டிக்குள் உட்கார்ந்து முஆத் “குப்பி, டாடா” என்று பழகிக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. அன்று நான் வெறும் கிரீமை டப்பாவில் நிரப்பி, ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கிவந்து கொடுத்தேன். இந்த முறை தெரிந்துதான் செய்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

முகம் வெடித்தது. அங்கே இறங்கியதும் மெடிக்கல் பார்ப்பார்கள், தோல் நோய் என்றால் ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவள் நம்பினாள். சஜ்ஜாத் வீடியோவில் கூப்பிட்டபோது துப்பட்டாவை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பேசினாள். முகத்தைக் காட்டு என்றான். காட்டினாள். பார்த்ததும், “அக்காட்ட குடு” என்றான். “அக்கா, நீ பக்கத்துல இருக்கியேன்னுதான் எனக்கு நிம்மதி” என்றான். டிக்கெட் ரத்தானது.

அதற்குப் பிறகு அவள் தானாகவே எங்கும் போக நினைக்கவில்லை. முகம் அடங்கியிருக்கும் நாட்களிலும் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன. டப்பா இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகமாட்டாள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு ராத்திரி தங்கச் சொன்னாலும், “வேணாம்மா, அங்க தீந்துபோச்சுன்னா என்ன செய்யிறது” என்பாள். சில நாள் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வா என்று நானே சொல்வேன். கதவு வரைக்கும் போய், காற்றில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

என் நிலைமையும் யோசித்துப் பாருங்கள். எனக்கும் வெளியே வர வழி இல்லாமல் போயிற்று. கொடுத்துக்கொண்டே இருந்தால் தோல் இன்னும் மெலியும். நிறுத்தினால் வீங்கும், பெரிய ஆஸ்பத்திரி என்பார்கள், அங்கே யாராவது டப்பாவை மோந்து பார்ப்பார்கள். முறைப்படி மெல்லக் குறைத்திருக்கலாம்தான். எப்படிக் குறைப்பது என்று எனக்குத் தெரியும், பஜாருக்கே சொல்லிக்கொடுத்தவள். ஆனால் குறைத்து, அவள் குணமாகி, பெட்டியைக் கட்டினால்? ஒவ்வொரு டப்பாவைக் கலக்கும்போதும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தது பொய் இல்லை.

முஆத் மட்டும் நன்றாக இருந்தான். அப்படித்தான் நான் நினைத்தேன். சின்ன வயதில் முழங்கை மடிப்பில் அவனுக்கும் கொஞ்சம் அரிப்பு இருந்தது, அதுவும் போய்விட்டது. கன்னம் உப்பி, வயிறு உருண்டு, பார்க்கிறவர்கள் கிள்ளாமல் போகமாட்டார்கள். நெய்யும் பேரீச்சம்பழமும் நான் கொடுப்பது; என் கை விசேஷம் என்று பஜாரெல்லாம் சொல்லிக்கொண்டேன். போன குளிருக்கு எடுத்த ஸ்வெட்டர் இந்தக் குளிருக்கும் நீளம் சரியாக இருந்தது. அகலம்தான் பத்தவில்லை. அதை இழுத்து மாட்டிவிட்டபோது எனக்கு ஒரு நிமிஷம் ஏதோ உறுத்தியது. வேறு யாராவது அப்படி ஒரு பிள்ளையைக் கடைக்குத் தூக்கிவந்திருந்தால், இவனுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். நம் வீட்டுப் பிள்ளை என்று வரும்போது கண் வேறு மாதிரி பார்க்கிறது. பெரிய சைஸ் ஸ்வெட்டர் வாங்கிப் போட்டேன்.

போன மாதம் சஜ்ஜாத் மறுபடி டிக்கெட் எடுத்தான். இந்தத் தடவை பிடிவாதமாக இருந்தான். முகம் எப்படி இருந்தாலும் கூட்டிக்கொண்டு வா, இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார்கள் என்றான். அல்மாஸும் சரி என்றுவிட்டாள். நான் வெறும் கிரீமை நிரப்பிக் கொடுத்தேன். முன்னைவிட மோசமாக வீங்கினால் அவளால் படியிறங்க முடியாது, அவ்வளவுதான் என் கணக்கு.

அவள் முகம் வீங்கத் தொடங்கிய அதே நாட்களில் முஆதுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல், தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்தது. மற்ற பிள்ளைகள் விளையாடப் போய்விட்டார்கள். இவன் குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுத்தான், பிறகு வாந்தி எடுக்கவும் தெம்பில்லாமல் துவண்டுவிட்டான். நேற்றுக் காலை கை கால் சில்லிட்டுப்போனது. வண்டி பிடித்துக் கீழே இறங்கினோம். வத்தலக்குண்டு ரோட்டு வளைவுகளில் அவன் தலை என் மடியில் இப்படியும் அப்படியும் உருண்டது. அல்மாஸ் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் சொன்னாள்.

“இந்த டப்பாவும் சரியில்ல மதினி. எனக்கும் கேக்கல, பிள்ளைக்கும் கேக்கல.”

“பிள்ளைக்கா? பிள்ளைக்கு எதுக்குப் போட்ட?”

“போடுறதில்ல மதினி. தடவினது போக கையில மிச்சம் இருக்குமுல்ல. ஓதினதக் கழுவி சாக்கடையில விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் இவன் மேலேயே தேச்சு விட்டுருவேன். முழங்கை அரிப்பு அதுலதான் போச்சு. அப்புறம் தெனமும் குளிப்பாட்டினதும் மேலெல்லாம் தேச்சுதான் சட்டைய மாட்டுவேன். நீங்க கடைக்குப் போனப்புறம். பிள்ளைக்கும் கண்ணேறு படாதுல்ல?”

நான் வெளியே பார்த்தேன். மூடுபனியில் பள்ளத்தாக்கு தெரியவில்லை. சின்ன உடம்பு, மெல்லிய தோல், குளித்த ஈரத்தில் மேலெல்லாம் தேய்த்து, மேலே கம்பளிச் சட்டை. அப்படி மூடிவைத்தால் மருந்து ரெண்டு மடங்கு உள்ளே இறங்கும். ரெண்டு வருஷம் கிட்டத்தட்ட. பிறகு ஒரு நாள் நான் நிறுத்திவிட்டேன். எனக்கு எல்லாம் புரிந்தது. புரியாமல் இருக்க நான் என்ன படிக்காதவளா?

இங்கே அல்மாஸை வார்டுக்குள் விடவில்லை. முகத்தில் நீர் வடிவதைப் பார்த்து நர்ஸ் பயந்துவிட்டாள், மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றும் என்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். அது தொற்றாது என்று எனக்குத் தெரியும். கதவின் கண்ணாடி வட்டத்தில் அவ்வப்போது அவள் துப்பட்டா தெரிகிறது. பிள்ளையோடு ஒருவர்தான் இருக்கலாம். அதனால் நான் இருக்கிறேன்.

தேவசேனா என்று ஓர் இளம் டாக்டர் வந்தாள். நல்ல மூளை. முஆதின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், கன்னத்தை விரலால் தொட்டாள், என் பக்கம் திரும்பினாள்.

“மூஞ்சி இவ்வளவு உப்பியிருக்கு, முதுகுல பூனைமுடி இருக்கு. ஸ்டீராய்டு ஏதாவது குடுத்திருக்கீங்களாம்மா? சிரப், ஆயின்மென்ட், நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ரொம்ப நாள் போட்டா உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்ட தானா சுரக்கிறத நிறுத்திரும். திடீர்னு விட்டா ஒரு காய்ச்சலக்கூட தாங்காது. அப்படித்தான்னு தெரிஞ்சா நான் இப்பவே ஊசி போட்டுருவேன், பிள்ளை எந்திரிச்சிருவான்.”

சரியாகச் சொன்னாள். என் கடையில் நான் சொல்கிற மாதிரியே, பயமுறுத்தாமல், நிதானமாகச் சொன்னாள். கதவைத் திறந்துகொண்டு அல்மாஸ் எட்டிப்பார்த்து, “மருந்து எதுவும் போடலங்க டாக்டர். மதினி மெடிக்கல் ஷாப்பு வச்சிருக்காங்க, அவங்களுக்குத் தெரியாம எதுவும் குடுக்க மாட்டோம்” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தாள். இந்த ரெண்டு வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருத்தி நேராகக் கேட்டது அப்போதுதான்.

“ஒண்ணும் இல்லங்க டாக்டர். நல்லா சாப்பிடுற பிள்ளை” என்றேன்.

அவள் கேஸ் ஷீட்டில் அதை எழுதிக்கொண்டாள். ரத்தம் எடுத்து வெளியே அனுப்பியிருப்பதாகவும், ரிப்போர்ட் வரும்வரை இதைத் தொற்றாக வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். சொன்னால் ஊசி போடுவார்கள். சாயங்காலத்துக்குள் எழுந்து உட்காருவான். எழுந்து உட்கார்ந்து, அம்மாவோடு விமானம் ஏறிப் போய்விடுவான். குப்பி என்ற வார்த்தையை அவன் முன்னால் யாரும் உச்சரிக்க விடமாட்டார்கள். நான் அந்த வீட்டில் திரும்பவும் தனியாக, ஜன்னலில் உறைந்துபோன எண்ணெய் பாட்டிலோடு இருப்பேன். சஜ்ஜாத் விமானம் ஏறிவிட்டானாம், அல்மாஸ் சொன்னாள். நாளைக்கு இங்கே இருப்பான். எத்தனை நாள் கழித்து நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம்.

பிள்ளையை நான் கைவிட்டுவிடவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்புக்குப் பழகிப்போனதைப் பட்டென்று நிறுத்தியதுதான் கோளாறு என்றால், அதைத் திரும்பக் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்தால் போயிற்று. முறையே அதுதான். அதற்கு ஊசியும் ரிப்போர்ட்டும் எதற்கு? தோல் வழியாக உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். என் கைப்பையில் எப்போதும் ஒரு டியூப் இருக்கும்.

கொஞ்சம் முன்னால் நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட வெரசா ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் நான் திரையை இழுத்துவிட்டு, முஆதை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கினேன். முதுகு ஜில்லென்று இருந்தது. டியூப்பைத் திறந்து, ஆட்காட்டி விரலை நீட்டி, நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடு பிதுக்கினேன். பிறகு அதில் பாதியை வழித்து மூடியிலேயே வைத்துவிட்டேன். சின்னப் பிள்ளை அல்லவா, கூடப் போட்டால் கெடுதல்.